எட்டாவது கட்டு

ஒரு நிமிடம் சார். அந்த வெள்ளை வண்டி உங்களுடையதுதானே? கேரியரில் கட்டிலும் மேசையும் ஏற்றியிருக்கிறதே, அதுதான். தப்பாக நினைக்காதீர்கள். ஆறேழு நிமிடமாக அந்தப் புளியமரத்தடியில் நின்று, வந்து சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஆளிடம் வலியப் போய்ப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. தெரிந்த ஆளிடமே கிடையாது.

உங்கள் சாமானுக்குப் பின்கட்டு இல்லை. பக்கத்துக்கு மூன்றாக ஆறு கட்டு போட்டிருக்கிறீர்கள். முன்னால் பம்பருக்கு ஒன்று. ஆக ஏழு. பின்னால் ஒன்றுமே இல்லை. முன்கட்டு காற்றுக்கு. காற்று அடியில் புகுந்து சாமானைத் தூக்கிப் பின்னால் தள்ளும், அதை முன்கட்டு பிடித்துக்கொள்ளும். பின்கட்டு பிரேக்குக்கு. நீங்கள் பிரேக் போட்டால் வண்டி நிற்கும். கட்டில் நிற்காது. அதை நில் என்று பிடித்து இழுக்க ஒரு கயிறு வேண்டும்.

கயிறு இருக்கிறதா? இருக்கிறதா, நல்லது. முதலில் டீயைக் குடியுங்கள். நானே கட்டித் தருகிறேன். இல்லை இல்லை, எனக்கு டீ வேண்டாம், குடித்துவிட்டேன். கட்டிய பிறகும் ஐந்தாறு கிலோமீட்டர் போய் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். நைலான் கயிறு முதலில் ஒரு விரல் அளவு நீளும். நீண்டதும் இழுத்துக் கட்டிவிட்டால் அப்புறம் நீளாது.

கோவில்பட்டி ஸ்டாண்டில் இருபத்தாறு வருடம் அம்பாசிடர் ஓட்டினேன் சார். படிப்பு எட்டாவதுதான். கணக்கு மட்டும் நன்றாக வரும். பேச்சுதான் வராது. இப்படி ரோட்டில் போகிற ஆளை நிறுத்திச் சொல்கிறதெல்லாம் ஐந்து மாதமாகத்தான். உங்களோடு பதினான்கு வண்டி ஆகிறது. ஏன் என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை. சரி, சொல்கிறேன்.

என் மனைவி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குச் சீர் போனால் லாரியில் போகாது, வேனில் போகாது. வீட்டு மாப்பிள்ளையின் கார் தலையில்தான் போக வேண்டும். "மூடிக் கொண்டுபோனா அது வீடு காலி பண்றது. ஊர் பாத்தாத்தான் சீரு" என்பார் என் மாமனார். அப்படி மூன்று கல்யாணச் சீர் என் அம்பாசிடர் தலையில் போயிருக்கிறது. மூன்று பீரோ, மூன்று கட்டில், இரண்டு ஆளுயரக் கண்ணாடி. ஒரு கீறல் கிடையாது. சீர் வண்டியில் மாமா முன் சீட்டில் உட்கார்ந்து வருவார். அவர் பக்கத்தில் நான். கோவில்பட்டியிலிருந்து போகிற ஊர் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும்தான். அவ்வளவு தூரமும் அவர் அதிகம் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. ஆனாலும் என் பக்கத்தில்தானே உட்கார்ந்து வந்தார்.

நாலாவது கல்யாணம் என் மைத்துனர் மகள் சுபாஷினிக்கு. மாப்பிள்ளை வீடு சங்கரன்கோவில். பத்து நாளைக்கு முன்னால் மாமா போன் செய்தார்.

"மூத்த மாப்பிள்ளை, நீங்க எதுக்குச் சிரமப்படுறீங்க? உங்க வண்டிக்கும் வயசாச்சு. பீரோவ நம்ம தவசி வண்டியில ஏத்திக்கிடுவோம். நீங்க வீட்டுல உள்ளவங்களக் கூட்டிக்கிட்டு சாவகாசமா பின்னால வாங்க."

பின்னால வாங்க. கேட்டீர்களா?

தவசி என்கிற தவசிக்கண்ணு என் சகலை. என் மனைவி குருவம்மாளின் கடைசித் தங்கையைக் கட்டியவன். என்னைவிடப் பதினேழு வயது இளையவன். டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். புதிதாக ஏழு பேர் உட்காருகிற வண்டி வாங்கி, அதற்கு கேரியரும் மாட்டியிருந்தான்.

மாமா என்னை முப்பத்துமூன்று வருடமாக "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்பார். அவனை "ஏலே தவசி" என்பார். உங்களுக்குத்தான் மரியாதை கூட என்று குருவம்மாள் சொல்வாள். மரியாதை கொடுக்கிற ஆளுக்கு நாற்காலி போடுவார்கள். ஏலே என்று கூப்பிடுகிற ஆளின் தோளில் கையைப் போடுவார்கள். நாற்காலியை மட்டும் எண்ணினால் எனக்குத்தான் அதிகம். எனக்கு இதிலெல்லாம் பொறாமை கிடையாது சார். கணக்குக்காகச் சொல்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் கிளம்ப வேண்டும். நான் எட்டேகாலுக்கே மாமா வீட்டுக்குப் போய்விட்டேன். ஒத்தாசைக்கு என்றுதான். அவன் என்னென்ன தப்புச் செய்கிறான் பார்ப்போம் என்று போனதாக நினைக்காதீர்கள்.

ஒரு தப்பும் செய்யவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கேரியர் மேல் போர்வையை இரண்டாக மடித்துப் போட்டான். பீரோ கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்து, கைப்பிடியைத் துணியால் சுற்றினான். நாலு பேர் தூக்க, முதுகுப்பக்கம் கீழாக, நட்டநடுவில் கிடத்தினான். கேரியருக்கு எழுபத்தைந்து கிலோதான் தாங்கும் என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். பீரோவே எழுபது. அதனால் கட்டிலைக் கழற்றி, சீட்டை மடக்கி உள்ளே வைத்துவிட்டான். மாமாவும் சரியென்று தலையாட்டினார். இதையே நான் இரண்டாவது கல்யாணத்தில் சொன்னேன் சார். மேலே பாரம் அதிகம் மாமா, வளைவில் வண்டி சாயும், கட்டிலை உள்ளே வைக்கலாம் என்று. "ஊர் பாக்க வேண்டாமா மாப்பிள்ளை?" என்றார். அவன் சொன்னால் ஊர் பார்க்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

கட்டு எட்டு. பக்கத்துக்கு மூன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நான் போடுகிற அதே எட்டு. அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, நான் சொல்லவில்லை. முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தான். மாமா அவன் தோளில் கை போட்டு, "ஏலே, பீரோ என்ன, நானே மேல ஏறிப் படுத்துக்கிடலாம் போலயே" என்று சிரித்தார். எனக்கு வயிற்றில் ஏதோ எரிந்தது. காலையிலிருந்து வெறும் டீதான் குடித்திருந்தேன். அதனால் இருக்கும்.

இங்கே எங்கள் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தைக்குச் சீரில் எல்லாம் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். தட்டு இருபத்தொன்று என்றால் இருபத்தொன்றுதான். தேங்காய் பதினொன்று. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கிளம்ப விட மாட்டார். ஆனால் மேலே கயிறு எத்தனை கட்டு என்று அத்தை எண்ணியதில்லை. யாராவது சொன்னால்தான் உண்டு.

"எட்டுக் கட்டு போலிருக்கு" என்றேன். அவ்வளவுதான் சார் சொன்னேன். அதுவும் குருவம்மாளிடம் சொன்னேன். அத்தை பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாது. என் வலது பக்கம் இரண்டடி தள்ளி, கையில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்.

"எட்டா? ஏ தவசி, எட்டுக் கட்டா போட்டிருக்க? எட்டு ஆகாதேப்பா!"

"அத்தை, பீரோவுக்குமா ஜாதகம் பாப்பீங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சிரிக்காத. ஒம்பதாக்கு."

"கயிறு தீந்து போச்சே அத்தை."

"அப்ப ஏழாக்கு. மணி பத்து இருபதாச்சு. சீக்கிரம்."

அத்தை அடுத்து, "மூத்தவரே, நீங்க வந்து கட்டிக் குடுங்க" என்பார் என்று எனக்கு ஒரு எண்ணம். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துக்கூட விட்டேன். ஒருவரும் கூப்பிடவில்லை. மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

என் அம்பாசிடரில் இதற்கு நான் என்ன செய்வேன் தெரியுமா? கட்டு எட்டையும் போட்டுவிட்டு, ஒரு முழ மஞ்சள் கயிற்றை கேரியர் கம்பியில் சும்மா சுற்றி முடிச்சுப் போடுவேன். அது சாமானைத் தொடவே தொடாது. ஆனால் ஒன்பது. அத்தை எண்ணிப் பார்த்தாலும் ஒன்பது. மூன்று கல்யாணத்திலும் இப்படித்தான். அன்றைக்கும் அந்த ஒரு முழம் என் சட்டைப் பையில் இருந்தது. அவன் கேட்கவில்லை.

எதை அவிழ்ப்பது என்று அவன் ஒரு சுற்று சுற்றி வந்தான். பின்கட்டு டிக்கிக் கதவுக்குக் குறுக்கே ஓடியது. சீர்த்தட்டு இன்னும் ஒன்பது உள்ளே வைக்க வேண்டியிருந்தது. கதவைத் திறக்க அந்தக் கயிறுதான் இடைஞ்சல். குனிந்து அதை அவிழ்த்தான். தட்டுகளை வைத்தார்கள். கதவைச் சாத்தினான். அத்தை ஏழு என்று எண்ணினார், ஆரத்தி சுற்றினார். மணி பத்து இருபத்தேழு.

அவன் அப்படிச் சுற்றி வரும்போதே நான் என் வண்டியில் ஏறிவிட்டேன். பின்னால வாங்க என்றுதானே சொல்லியிருந்தார்கள்.

மாமா முன் சீட்டில் உட்கார்ந்து, இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மேலே போகிற பக்கக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தொரு வயது. கையால் பிடித்தால் எழுபது கிலோ நிற்குமா? நிற்காது. ஆனால் ஊர் பார்க்கும் இல்லையா? என் வண்டியில் வந்த மூன்று தடவையும் அவர் அப்படிப் பிடித்ததில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி வருவார்.

கழுகுமலை வரைக்கும் ஒன்றும் இல்லை. ஊருக்குள் வேகத்தடை ஒன்றில் அவன் கொஞ்சம் அழுத்திப் பிரேக் போட்டான். பீரோ நாலு விரல் முன்னால் போனது.

"என்னங்க, பீரோ நகந்த மாதிரி இருக்கே" என்றாள் குருவம்மாள்.

"வெயில்ல அப்படித்தான் தெரியும்."

அடுத்த வேகத்தடையில் நாலு விரல் ஒரு சாண் ஆகிவிட்டது.

"வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லாத் தெரியுது. ஒரு ஹாரன் அடிங்க."

"சீர் வண்டிக்குப் பின்னால நின்னு ஹாரன் அடிச்சா நல்லாவா இருக்கும்?"

"அப்ப முந்திப் போயி நிறுத்துங்க."

"சீர் வண்டிய முந்தக் கூடாது. உங்க அப்பாதான் சொல்லியிருக்காரு."

சொல்லியிருக்கிறார் சார். முதல் கல்யாணத்தில் ஒரு பஸ் எங்களை முந்தியபோது சொன்னார். நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை.

என் மனதில் என்ன இருந்தது என்று நீங்கள் நினைக்கலாம். மறைக்காமல் சொல்கிறேன். சங்கரன்கோவிலில் போய் இறக்கும்போது பீரோ ஒரு முழம் கோணலாகக் கிடக்கும். பத்துப் பேர் பார்ப்பார்கள். அதில் ஒருவராவது, "என்னப்பா தவசி, மூத்தவர் கட்டினா இப்படி ஆகுமா?" என்று கேட்பார். அது மாமா காதில் விழும். அவ்வளவுதான். ஒரே ஒரு ஆள் கேட்டால் போதும் என்று இருந்தேன். அதற்கு மேல் நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை.

கழுகுமலை தாண்டி ஆறு கிலோமீட்டரில் ஆடுகள் குறுக்கே வந்தன. பதினேழு என்று நினைக்கிறேன். அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. பீரோ நிற்கவில்லை.

முன்கட்டு தொய்ந்துவிட்டது. பக்கக்கயிறுகள் சாய்ந்து கொடுத்துவிட்டன. பீரோ வழுக்கிக்கொண்டு போய் முன்பக்கம் பானெட்டில் இறங்கியது. பீரோக் கதவின் கண்ணாடி உடைந்த சத்தம் எனக்கு நாற்பதடி பின்னால் கேட்டது. மாமா பிடித்திருந்த கயிறு அவர் கையையும் இழுத்துக்கொண்டு போய், பீரோ காலுக்கும் கேரியர் கம்பிக்கும் நடுவில் செருகிவிட்டது. அவர் கத்தவில்லை. "ஏலே, கை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் ஓடினேன். அந்த முடிச்சை எந்தப் பக்கம் இழுத்தால் அவிழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்று தடவை இழுத்தேன், வரவில்லை. அவன் என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு ஒரே இழுப்பில் அவிழ்த்தான். மாமாவைக் கைத்தாங்கலாக என் வண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வரைக்கும் நான்தான் ஓட்டினேன். மாமா பின் சீட்டில், அவன் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார்.

இரண்டு விரலில் எலும்பு முறிவு. சுண்டுவிரலில் ஒரு கணு போய்விட்டது.

கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. கண்ணாடி உடைந்ததைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுத்தார்கள். அப்போது மண்டபத்தில் அத்தனை பேர் முன்னாலும் அவன் எழுந்து நின்றான். "தப்பு பூராவும் என்மேலதான். அண்ணாச்சி கட்டப் பாத்துட்டு அப்பவே கணக்குச் சொன்னாரு. நான்தான் அவசரத்துல சரியாக் கட்டல" என்றான்.

அண்ணாச்சி என்றது என்னைத்தான்.

அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். எட்டு, ஏழு எல்லாம் அவருக்கு மறந்துபோய்விட்டது. வருகிறவர்களிடமெல்லாம், "மூத்தவர் அன்னைக்கே கட்டு சரியில்லன்னாரு. நாங்கதான் காது குடுக்கல" என்று சொல்ல ஆரம்பித்தார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை. இப்போது சொந்தத்தில் யார் சாமான் ஏற்றினாலும் எனக்குப் போன் வருகிறது. "அண்ணாச்சி, ஒரு எட்டு வந்து கட்டப் பாத்துட்டுப் போங்க" என்கிறார்கள். நாலு வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

இப்போதுதான் என் குறைக்கு வருகிறேன் சார். நான் சொல்ல வந்ததே இதுதான்.

பெயர் எனக்குக் கிடைத்தது, சரி. மாமா யாரிடம் போனார்? கையில் கட்டுப் போட்டிருந்த ஐம்பத்திரண்டு நாளும், காலை ஏழேகாலுக்கு அவன் எங்கள் தெரு வழியாகத்தான் மாமா வீட்டுக்குப் போவான். ஒரு நாள் தப்பவில்லை, நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். மாமாவுக்குச் சட்டைப் பொத்தான் போடுவது, வேட்டி கட்டிவிடுவது, முதுகு தேய்ப்பது, எல்லாம் அவன். விரலை உடைத்தவனே வேட்டி கட்டிவிடுகிறான்! ஒரு நாள் நான் ஆறு மணிக்கே போய்விட்டேன். "மாமா, சட்டைய நான் போட்டுவிடுறேன்" என்றேன். எவ்வளவு கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன் தெரியுமா?

"சேச்சே, மூத்த மாப்பிள்ளை, நீங்க போயி இதெல்லாமா? உக்காருங்க. தவசி வந்துருவான்."

உட்கார்ந்தேன். ஒரு மணி நேரமும் கால் மணி நேரமும். அவர் வெற்றுடம்போடு தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டுப் பிரித்து மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் அவன்தான் வருகிறான். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் கூடவே வந்தான். என் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க தம்பி."

"அந்தப் பின்கட்ட அவுக்கும்போது நான் உங்களத்தான் பாத்தேன். நீங்க வண்டிக்குள்ள இருந்து என் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்கு இந்தக் கட்டு விஷயமெல்லாம் அவ்வளவாத் தெரியாது. உங்க வண்டியப் பாத்துப் பாத்துப் போட்டதுதான். அவுக்கக் கூடாததுன்னா அண்ணாச்சி ஒரு சத்தம் குடுப்பாருன்னு இருந்தேன். நீங்க பேசாம இருந்தீங்க. சரி, இதத்தான் அவுக்கலாம் போலன்னு அவுத்தேன்."

நான் வண்டிச் சாவியைத் தேடினேன். சாவி கையில்தான் இருந்தது.

"இத நான் யார்கிட்டயும் சொல்லல அண்ணாச்சி. என் வீட்டுல கூடச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான். பாத்துப் போங்க."

கோபமாகச் சொல்லவில்லை சார். சாப்பிட்டீர்களா என்று கேட்கிற குரல். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்றிலிருந்து ஆறு நாளாக இதே யோசனைதான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். ஐந்து மாதத்தில் எத்தனை சண்டை, எத்தனை பேச்சு வந்திருக்கும் அவன் வீட்டில், அதில் ஒரு நாள் வாய் தவறியாவது வந்திருக்கலாம். அப்படி வந்திருந்தால் அவனுக்கும் எனக்கும் கணக்கு நேராகியிருக்கும். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு, தினமும் என் வாசலைத் தாண்டும்போது "அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறான். நானும் ஆச்சு ஆச்சு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள். எவ்வளவு திமிர் இருந்தால் ஒரு மனிதன் இதை யாரிடமும் சொல்லாமல் இருப்பான்?